மடுப்பக்கம் பதினாறு, சுனைப்பக்கம் இரண்டு

கொண்டையன் என்று ஒரு மரங்கொத்தி இருந்தான். அவனுக்கு எண்ணத் தெரியும். அந்தக் காட்டில் வேறு யாருக்கும் எண்ணத் தெரியாது. வந்தது வினை!

அவன் குடியிருந்தது ஒரு பட்டுப்போன வாகை மரத்தில். மரத்துக்கு ஒரு பக்கம் இறங்கினால் மடு. மருத மரங்களின் நிழலில், சேறும் புல்லுமாக, நின்ற இடத்திலேயே குனிந்து குடிக்கலாம். மறுபக்கம் பாறை. அதில் மூச்சு வாங்க ஏறினால் உச்சியில் ஒரு சுனை. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கும். கோடை வந்துவிட்டால் அந்தக் காட்டுக்கு இந்த இரண்டையும் விட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

அந்த வருஷத்துக் கோடை கொஞ்சநஞ்சம் இல்லை. மாசி முடிவதற்குள் புல்லெல்லாம் கருகிவிட்டது. விலங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன.

எல்லோரும் அழுதார்கள். கொண்டையன் எண்ணினான். மடுவில் குடித்து வந்த பிராணி செத்தால் மரத்தின் மடுப்பக்கம் ஒரு துளை. சுனையில் குடித்து வந்தது செத்தால் சுனைப்பக்கம் ஒரு துளை. டக், டக், டக்! செத்தவர் எங்கே தண்ணீர் குடித்தார் என்பதை மட்டும் விசாரிப்பான். வேறு ஒரு கேள்வி கேட்கமாட்டான். கேட்டாலும் அதைக் கொத்தி வைக்க மரத்தில் மூன்றாவது பக்கம் ஏது?

பங்குனி கடைசியில் ஒரு நாள் காலை மரத்தைச் சுற்றிவந்து பார்த்தான். மடுப்பக்கம் பதினாறு துளை. சுனைப்பக்கம் இரண்டே இரண்டு!

"ஐயையோ! மடுத் தண்ணியில விஷம்!" என்று கத்திவிட்டான்.

அவன் அப்படிப் பதறியதற்குக் காரணம் இருந்தது. மரத்தடியில் மிளகி படுத்திருந்தாள்.

மிளகி ஒரு புள்ளிமான் குட்டி. பிறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பின்னங்கால் ஒன்று பிறக்கும்போதே சூம்பிப்போயிருந்தது. அவளால் பாறை ஏற முடியாது. அதனால் மடுவில்தான் குடிப்பாள். அவள் அம்மா புள்ளியம்மா கொண்டையனை 'அண்ணே' என்று கூப்பிடுவாள். அந்த முறையில் மிளகிக்கு அவன் மாமா. பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாத கொண்டையனுக்கு அந்தக் குட்டிதான் உலகம். அவன் மேலே கொத்தும்போது மரத்தூள் அவள்மேல் கொட்டும். "மாமா! மூக்குல போகுது மாமா!" என்று தும்முவாள். அதைக் கேட்பதற்காகவே அவன் சில நாள் சும்மாவாவது கொத்துவான்.

"தங்கச்சி! இனிமே இவ மடுப்பக்கம் போகவே கூடாது!" என்றான் கொண்டையன்.

புள்ளியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏண்ணே? பிறந்ததுலேருந்து அங்கதானே குடிக்கிறா?"

"பதினாறு பேர் போயிட்டாங்கம்மா! பதினேழாவதா இவளுக்கு நான் துளை போடணுமா?"

"ஐயோ, வாயைக் கழுவுங்க! ஆனா இவ எப்படிண்ணே பாறை ஏறுவா?"

"கஷ்டம்தான். ஏறித்தான் ஆகணும். உயிரு முக்கியமா, கால் வலி முக்கியமா?"

புள்ளியம்மா குட்டியைப் பார்த்தாள். பாறையைப் பார்த்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு என்ன தெரியும்?" என்றாள்.

இப்படி ஒருத்தி நம்பிவிட்டால் நெஞ்சு கொஞ்சம் கனக்க வேண்டாமா? கொண்டையனுக்குப் பெருமைதான் வந்தது. நேரே பறந்துபோய்க் காட்டின் தலைவன் கிளைக்கொம்பனிடம் சேதி சொன்னான். கிளைக்கொம்பன் பெரிய கடமான். தினமும் இரண்டு தடவை சுனைக்கு ஏறி இறங்குவான். உத்தரவு போடுவது என்றால் அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. உடனே கூட்டம் கூட்டினான்.

கூட்டம் வாகை மரத்தடியில் கூடியது. கிளைக்கொம்பன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். எண்ணத் தெரியாவிட்டாலும் கண் தெரியுமே!

"மடுப்பக்கம் சல்லடை மாதிரி இருக்கு! சுனைப்பக்கம் வழுவழுன்னு இருக்கு! இதுக்குமேல என்ன அத்தாட்சி வேணும்?"

"ஒரு நிமிஷம்!" என்று ஒரு குரல் உறுமியது. கட்டையன் என்ற காட்டுப்பன்றி. உடம்பெல்லாம் மடுச்சேறு. "எங்க கூட்டம் மொத்தமும் மடுவுலதான் குடிக்குது, அங்கதான் புரளுது. எங்கள்ல ஒருத்தரும் சாகலையே! என்னைப் பாருங்க, விஷம் குடிச்சவன் மாதிரியா இருக்கேன்?"

அவன் தொந்தியைப் பார்த்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"உனக்குத் தோல் தடிப்பு! விஷம் ஏற நாளாகும்!" என்றான் கொண்டையன்.

"ஏய் கொண்டையா! செத்தவங்களை எண்ணினியே, உயிரோட இருக்கறவங்களை எண்ணினியா?"

"உயிரோட இருக்கறவங்ககிட்ட எண்ண என்னடா இருக்கு?"

அதற்கும் ஒரே சிரிப்பு. கட்டையன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான்.

மடுவை மூடச் சொல்லி உத்தரவாயிற்று. கடமான்கள் கொம்புகளில் இலந்தை முள்ளை வாரிக்கொண்டு வந்து மடுவைச் சுற்றி வேலி போட்டன. முறைவைத்துக் காவலும் நின்றன. நல்ல மனசோடுதான் செய்தன. அதில் சந்தேகமே வேண்டாம்.

மறுநாளிலிருந்து எல்லோரும் பாறை ஏறினார்கள். திடகாத்திரமானவர்களுக்கு அது எப்போதும் போகிற வழி. மற்றவர்கள் பாடுதான் பெரும்பாடு. பல் போன கிழட்டு மான், கண் மங்கிய மரநாய், காய்ச்சல் விட்டு எழுந்த முயல், நிறைமாதக் காட்டாடு. ஒவ்வொருவரும் நாலு அடி ஏறுவதும் நிற்பதுமாக, நாக்குத் தள்ள மேலே போவார்கள். குடித்த தண்ணீர் இறங்கி வருவதற்குள் வேர்வையாகப் போய்விடும்.

மிளகியும் ஏறினாள். மூன்று காலில் தாவி, நாலாவதை இழுத்துக்கொண்டு ஏறினாள். புள்ளியம்மா பின்னால் நின்று தலையால் முட்டித் தூக்கிவிடுவாள். கொண்டையன் முன்னால் பறந்து பாறைக்குப் பாறை உட்கார்ந்து, "இதோ வந்தாச்சு! இன்னும் கொஞ்சம்தான் கண்ணு!" என்று கூவுவான். இன்னும் எவ்வளவோ இருக்கும்.

நாலாம் நாள் கிழட்டு மான் பாதி வழியில் செத்தது. ஆறாம் நாள் காட்டாடு. அப்புறம் மரநாய். சாவு நின்றபாடில்லை. முன்னைவிட வேகமாக விழுந்தார்கள்.

"அண்ணே, சுனைத் தண்ணி குடிச்சும் சாகறாங்களே?" என்று புள்ளியம்மா கேட்டாள்.

கொண்டையனுக்கும் உள்ளே சுருக்கென்றது. ஆனால் பதினாறு துளை போட்டவன் அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுப்பானா? "பழைய விஷம் தங்கச்சி! முன்னாடி மடுவுல குடிச்சது உடம்புலேயே தங்கியிருக்கு. அதுதான் இப்ப வேலை செய்யுது" என்றான்.

சொன்னதோடு விட்டானா? அந்தச் சாவுகளையும் மடுப்பக்கமே கொத்தினான்! பதினாறு பதினேழாயிற்று. பதினேழு இருபதாயிற்று. இருபது இருபத்திரண்டாயிற்று. மரத்தைப் பார்க்கிறவர்களெல்லாம் "அப்பாடா, நல்லவேளை மடுவை மூடினோம்!" என்றார்கள்.

பன்னிரண்டாம் நாள் வந்தது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது.

மிளகி பாதிப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். புள்ளியம்மா முட்டினாள். எழவில்லை. மறுபடி முட்டினாள். மிளகி முன்னங்காலை ஊன்றிப் பார்த்தாள், அதுவும் மடங்கிவிட்டது. தாய்க்கும் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பால் வற்றிப்போயிருந்தது. மடியைக் காட்டினாள். மிளகி முகர்ந்துவிட்டுத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணே, பார்த்துக்குங்க! நான் ஓடிப்போய் மூஞ்சியை நனைச்சுக்கிட்டு வர்றேன். நக்கட்டும்! கொஞ்சமாவது உள்ள போகட்டும்!"

புள்ளியம்மா மேலே சுனைக்குப் பாய்ந்து ஓடினாள். கொண்டையன் சிறகை விரித்துக் குட்டியின் முகத்துக்கு நிழல் கொடுத்தான். ஒரு மரங்கொத்தியின் சிறகு எவ்வளவு நிழல் தரும்?

காற்று கீழேயிருந்து அடித்தது. மிளகியின் மூக்கு அசைந்தது.

"மாமா... மடு வாசனை வருது மாமா."

"முகராதே கண்ணு."

"கீழே இறங்கறது சுலபம் மாமா. உருண்டே போயிடுவேன். ஒரே ஒரு வாய்?"

கீழே மருத மரங்கள் பச்சையாக நின்றன. அவற்றின் நடுவே தண்ணீர் மின்னியது. எட்டிப் பறந்தால் பத்துச் சிறகடிப்பு. காவல் கடமானிடம் கெஞ்சினால் விட்டுவிடும்.

"வேணாம்டா தங்கம். அது விஷம். மாமா எண்ணிப் பார்த்திருக்கேன்" என்றான்.

மாமா பேச்சை மிளகி என்றைக்குத் தட்டியிருக்கிறாள்? தலையைச் சாய்த்துப் பாறைமேல் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் வயிறு ஏறி இறங்கியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

புள்ளியம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். வருகிற வழியிலேயே வெயில் அவள் முகத்தை உலர்த்திவிட்டிருந்தது. அந்தக் காய்ந்த முகத்தைக் குட்டியின் வாயருகே வைத்துக்கொண்டு, "நக்கு... நக்குடி மிளகி... அம்மா வந்துட்டேன் பாரு..." என்றாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளை அங்கிருந்து பெயர்க்க யாராலும் முடியவில்லை.

கொண்டையன் மரத்துக்குத் திரும்பினான். வழக்கம் வழக்கம்தானே! ஒரு துளை போட்டாக வேண்டும். மடுப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டான். அலகை ஓங்கினான். அலகு இறங்கவில்லை. சுனைப்பக்கம் போனான். அங்கேயும் முடியவில்லை. இப்படியே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அலைந்தான்.

பொழுது சாயும்போது புள்ளியம்மா மரத்தடிக்கு வந்தாள்.

"எந்தப் பக்கம்ணே கொத்தப் போறீங்க?"

கொண்டையன் மடுப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மடுப்பக்கம் கொத்தாதீங்கண்ணே" என்று அழுதாள் அவள். "மடுவுல குடிச்சதாலயா அவளுக்குக் கால் சூம்பிச்சு? கால் சூம்பினதாலதானே அவ மடுவுக்கே போனா!"

பாவம், அவள் வாதம் செய்யவில்லை. பெற்ற வயிறு எரிந்து அரற்றினாள். ஆனால் கொண்டையனுக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது.

அவன் மடுப்பக்கத்து முதல் துளையில் அலகை வைத்தான். இது யார்? பல் போன கிழக் கடமான். பல்லில்லாததால் மேய முடியாமல், மேயாததால் நடக்க முடியாமல் மடுவுக்கு வந்தது. இரண்டாவது? பாம்பு தீண்டிய முயல். மூன்றாவது? பிரசவக் காய்ச்சலோடு வந்த மான். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது... எல்லோரும் மடுவுக்கு வருவதற்கு முன்பே சாவோடு பாதி தூரம் நடந்தவர்கள்! பாறை ஏற முடிந்தவர்கள் சுனைக்குப் போனார்கள். ஏற முடியாதவர்கள் மடுவுக்கு வந்தார்கள். ஏற முடியாத அந்தப் பலவீனமே அவர்களை மடுவுக்கும் அனுப்பியது, சாவுக்கும் அனுப்பியது. தண்ணீர் என்ன செய்தது? கிட்டே வந்தவர்களுக்கெல்லாம் தாகம் தீர்த்தது. அவ்வளவுதான்!

கொண்டையன் வெறிபிடித்தவன்போல் பறந்து கட்டையனிடம் போனான். முதன்முறையாக உயிரோடு இருக்கிறவர்களை எண்ணினான். பன்றிகள் பதினொன்று. எல்லாம் மடுவில் குடித்தவை. ஒன்றுகூடச் சாகவில்லை.

"இப்பவும் மடுத் தண்ணிதானா குடிக்கறே?" என்று கேட்டான்.

"பின்னே? முள்ளுக்கு அடியில குழி தோண்டியிருக்கேன். எங்க ஆத்தாவும் அது வழியாத்தான் நுழைஞ்சு குடிக்குது. எழுந்து நிக்கவே மாட்டாத கிழவி! இன்னும் சில நோஞ்சானுங்களும் யாருக்கும் தெரியாம வருது."

"எத்தனை பேர்?"

"எனக்கு எண்ணத் தெரியுமா? நீயே பாரு!"

கொண்டையன் குழிக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்து பார்த்தான். நொண்டிகளும் கிழடுகளுமாக ஏழு பேர் வந்துபோனார்கள். எட்டாவதாக ஒரு கிழட்டு முயல் இருந்து செத்ததாம். எட்டில் ஒன்று. அதே மாதிரி நோஞ்சான்களில் அவன் பேச்சைக் கேட்டுப் பாறை ஏறினவர்கள் பத்துப் பேர். ஏழு பேர் செத்துவிட்டார்கள். அந்த ஏழில் மிளகி ஒருத்தி.

கட்டையன் இப்போது கேலி செய்யவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் குட்டியையும் கூப்பிட்டேன் கொண்டையா. அவ சாகறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாடி. 'மாமா வேணாம்னு சொல்லியிருக்காரு, நான் வரமாட்டேன்'னுட்டா" என்றான்.

அதைக் கேட்டதும் கொண்டையன் அலறிய அலறல் இருக்கிறதே! மரங்கொத்தி அப்படி அழும் என்று அதற்குமுன் யாருக்கும் தெரியாது.

விடிந்ததும் கூட்டம் கூட்டச் சொன்னான்.

"தலைவரே! மடுவுல விஷம் இல்லை. முதல்ல நான் எண்ணினது சரி. அதுக்கு நான் சொன்ன காரணம் தப்பு! முள்ளை எடுக்கச் சொல்லுங்க!"

கிளைக்கொம்பனுக்குக் கோபம் வந்தது. "விளையாடறியா? இத்தனை துளை இருக்கே! உத்தரவு போட்டாச்சு. நீ சொன்னா மூடணும், நீ சொன்னா திறக்கணுமா?"

"மூடச் சொன்னப்ப ஒரு கேள்வி கேட்டீங்களா தலைவரே? அன்னைக்கு நீங்க கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். நானும் கேட்கல. திடமானவங்களை ஒரு பக்கமும் நோயாளிங்களை ஒரு பக்கமும் நிறுத்தி வெச்சுட்டு, தண்ணி மேல பழி போட்டேன். ஏழு பேரைக் கொன்னது நான்தான்!"

கிளைக்கொம்பன் கூட்டத்தைப் பார்த்தான். பாறையைப் பார்த்தான். கடைசியில் மெல்லத் தலையசைத்தான். கட்டையன் ஒரே முட்டில் வேலியைத் தள்ளினான். பாறை ஏறியும் பிழைத்திருந்த நோஞ்சான்கள் மூவரும் தட்டுத்தடுமாறி மடுவுக்கு இறங்கி, குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள்.

புள்ளியம்மா குடிக்கவில்லை. கூட்டம் கலையும்வரை காத்திருந்துவிட்டுக் கொண்டையனிடம் வந்தாள்.

"ஒண்ணு கேட்கட்டுமாண்ணே? அன்னைக்குப் பாறையில அவ உங்ககிட்ட ஏதாவது கேட்டாளா?"

கொண்டையன் பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவன் சொன்னான்.

"மடுத் தண்ணி ஒரு வாய் கேட்டாம்மா. நான் விடல."

"குடிச்சிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"பொழைச்சிருக்கலாம்மா. தெரியல. பொழைச்சிருக்கலாம்."

புள்ளியம்மா அவனைத் திட்டவில்லை, சபிக்கவில்லை. "சரிண்ணே" என்றாள். திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விட்டாள். அதன்பிறகு அவள் அந்த வாகை மரத்தடிக்கு வந்ததே இல்லை. கொண்டையன் எத்தனையோ நாள் அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் வரவில்லை.

பிள்ளைகளே, பெரியவர்களே: எங்கே போனதால் செத்தார் என்று சொல்வதற்கு முன்னால், அங்கே போகும்போதே அவர் எப்படி இருந்தார் என்று கேளுங்கள், அதைக் கேட்காத எண்ணிக்கை எவ்வளவு சரியாக இருந்தாலும் உயிரைக் குடித்துவிடும்.